ஜான் பீல் நிகழ்ச்சி: பல வருடம் கேட்டபின் ஒரு மதிப்பீடு

பிபிசி ரேடியோ 1இல் இசைத்தட்டு போட்டுப் பேசிய அறிவிப்பாளர் ஜான் பீல் 2004 அக்டோபரில் பெரு நாட்டின் குஸ்கோவில் காலமானார். நான் அவருடைய வழக்கமான நேயர் ஆனது அதற்கப்புறம்தான். அவருடைய நிகழ்ச்சிகளை அந்தக் கால ரசிகர்கள் கேசட்டில் பதிந்து வைத்தார்கள். அந்தப் பதிவுகளைத்தான் பல வருடமாக ராத்திரியில் கேட்கிறேன். கேசட்டின் ஒரு பக்கம் தீர்ந்ததும் நல்ல பாட்டு பாதியில் நின்றுவிடும். அதுவும் பழகிவிட்டது.

ஓடவிட்டு வேறு வேலை பார்க்க நினைத்தால் இது ஆகாது. ஜிம்பாப்வேயின் பூண்டு பாய்ஸ் குழுவின் கிட்டாரையும் காதைக் கிழிக்கும் நேபாம் டெத் குழுவையும் ஒரே ஆள் கொண்டாடினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குப் பாதிதான் தேறும். அவர் உயிராக நினைத்த தி ஃபால் குழு எனக்கு இன்றுவரை ஒட்டவில்லை. அவர்களுக்கு மட்டும் 24 செஷன் (நிகழ்ச்சிக்காகவே ஸ்டுடியோவில் பாடிப் பதிந்தவை)!

ஆனால் அந்தக் குரலுக்காகவே கேட்கலாம். ஏற்ற இறக்கம் கிடையாது, யாரையும் தூக்கிப் பிடிக்கும் பேச்சு கிடையாது. குழுவின் பெயர், எந்த லேபிள் (தட்டை வெளியிட்ட நிறுவனம்), ஒரு குறும்பான வரி, அவ்வளவுதான். நிமிடத்துக்கு 45 சுற்று சுழல வேண்டிய இசைத்தட்டை 33இல் போட்டுவிட்டு அசடு வழிவதும் உண்டு.

அமெரிக்க நிலையங்களில் தொழில் பழகிவிட்டு, 1967இல் கடலில் நின்ற கப்பலிலிருந்து ஒலிபரப்பிய ரேடியோ லண்டனுக்கு வந்தார். அதே வருடம் தொடங்கிய ரேடியோ 1இல் சேர்ந்தவர் சாகும்வரை, 37 வருடம், அங்கேயே இருந்தார்.

அவர் விட்டுப்போனதில் எனக்குப் பெரிதாகப் படுவது செஷன்கள். வானொலியில் இசைத்தட்டு ஓடவிடும் நேரத்துக்கு அப்போது உச்சவரம்பு இருந்தது. இசைக்கலைஞர் சங்கமும் தட்டு நிறுவனங்களும் வைத்த கட்டுப்பாடு அது. மீதி நேரத்தை நிரப்பக் குழுக்களை பிபிசியின் மைடா வேல் ஸ்டுடியோவுக்கு அழைத்துப் பதிந்தார்கள். பெரும்பாலும் ஒரே நாள், நாலு பாட்டு. பீல் பொதுவாக அந்தப் பக்கமே போக மாட்டார். இப்படிச் சேர்ந்தவை 4,000க்கும் மேல். மெருகேற்ற நேரம் இல்லாததால் பல பாட்டுகள் ஆல்பத்தில் இருப்பதைவிட இதில்தான் உயிரோடு இருக்கின்றன. ஸ்மித்ஸ் குழுவே 1984 தொகுப்பில் தங்கள் வானொலிப் பதிவுகளை எடுத்துப் போட்டது சும்மாவா?

ஒரு வேடிக்கை. இவ்வளவு புதுசைக் கேட்டு வளர்ந்த நேயர்கள், 1976இல் ‘ஃபெஸ்டிவ் ஃபிஃப்டி’ என்ற, வருடக் கடைசியில் சிறந்த ஐம்பது பாட்டுகளைத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்பு தொடங்கியதிலிருந்து பழைய பாட்டுகளையே திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள். சலித்துப்போய், 1982க்குப் பிறகு அந்தந்த வருடப் பாட்டுக்கு மட்டும்தான் ஓட்டு என்றாகிவிட்டது. சரியான முடிவு.

புதிதாகக் கேட்பவர்கள் 1978, 79 பதிவுகளில் தொடங்கலாம். கடைசி வருடங்களில் டெக்னோ என்ற மின்னணு நடன இசை நிறைய வரும். நான் அதைத் தள்ளிவிட்டுப் போவேன். என் தம்பி மகன் அதை மட்டும்தான் கேட்கிறான்.