ஒலிம்பஸ் ட்ரிப் 35: பிசுக்கேறிய ஷட்டர்
1967 முதல் 1984 வரை ஜப்பானில் தயாரான ஒலிம்பஸ் ட்ரிப் 35 கேமராவைப் பழம்பொருள் கடையில் வாங்கினேன். லென்சுக்குள் இருக்கும் ஷட்டர் தகடுகள் எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக்கொண்டிருந்தன. முன் லென்சைக் கழற்றுமுன் அதன் நிலையை மார்க்கரால் குறித்துக்கொண்டு (இல்லையெனில் ஃபோகஸ் பிசகும்), லைட்டர் திரவத்தில் நனைத்த பஞ்சுக் குச்சியால் தகடுகளை மெல்லத் துடைத்து, உலர்ந்ததும் இயக்கிப் பார்த்து, பஞ்சில் கறுப்பு வருவது நிற்கும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்தேன். தகடுகளுக்கு எண்ணெய் மட்டும் இடவே கூடாது.

ஷட்டர் வேகங்கள் 1/40, 1/200 என இரண்டே. ஒளி பட்டாலே மின்சாரம் தரும் செலினியம் ஒளிமானியே வேகத்தைத் தேர்ந்துகொள்வதால் பேட்டரி வேண்டாம். வெளிச்சம் போதாவிட்டால் சிவப்புக் கொடி எழுந்து ஷட்டரைத் தடுக்கும், பிலிம் விற்கும் விலைக்கு அதுவும் நல்லதே. ஃபோகஸ் வைக்கத் தூரத்தைக் கண்ணால் கணிப்பதுதான் எனக்கு இன்னும் கைவரவில்லை.