கிடா கடலில் விழுந்த கதை: துணைப் பிராணிக்கு எந்த வகைத் திறன் பொருந்தும்?

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து ஊரான மண்டபத்தில் சித்தப்பா வீட்டு மாடியில் உட்கார்ந்து நாங்கள் நாலு பேர் ஒரு சின்ன ஆன்லைன் ஃபேன்டசி ரோல்பிளேயிங் கேம் செய்துகொண்டிருக்கிறோம். இரண்டு கடல், நடுவில் தீவுகள். வரைபடம் எங்கிருந்து வந்தது என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைக் கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் மடக்கி, ஓரமாக ஓர் எரிமலை வைத்தோம். தனுஷ்கோடியில் சொல்வதுபோலவே தெற்கே ஆண் கடல், வடக்கே பெண் கடல். சண்டை, மந்திரம், கொள்ளைக் கப்பல் எல்லாம் ஓரளவு ஒழுங்காக வந்துவிட்டன. எங்களைப் பல மாதமாக மல்லுக்கட்ட வைத்தது ஒன்றுதான்: வீரனோடு கூட வரும் பிராணிக்கு என்ன திறன் கொடுப்பது, எந்தக் கணக்கில் கொடுப்பது?

மூன்று வழி இருந்தது. பிராணிகளை வேலைப்படி பிரிப்பது: அடிப்பவை, தாங்குபவை, உதவுபவை. அல்லது ஒவ்வொரு பிராணிக்கும் அதன் பிறவிக் குணத்திலிருந்து ஒரு தனித் திறன் கொடுப்பது. அல்லது எதற்கு வேண்டுமானாலும் எதையும் பழக்கிக்கொள்ளலாம் என்று ஆட்டக்காரர் கையில் விட்டுவிடுவது. மூன்றையும் செய்து பார்த்துவிட்டதால் கொஞ்சம் தைரியமாகவே எழுதுகிறேன்.

வேலைப்படி பிரித்தால்

கேம் செய்கிறவனுக்கு இதுதான் சுகமான வழி. எங்களிடம் 14 பிராணிகள். ஒவ்வொன்றுக்கும் தனித் திறன் என்றால், எது எதைவிட ஓங்கிவிட்டது என்று பார்க்க 91 ஜோடிகளை ஒப்பிட வேண்டும். மூன்று வேலை என்றால் மூன்றே ஜோடி. அவ்வளவு வித்தியாசம்.

பெரிய கேம்களும் இந்தச் சுகத்தைத் தேடிப் போனவைதான். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2004-இல் வந்தபோது ஹன்டரின் (விலங்கோடு திரியும் வேட்டைக்கார வீரன்) பிராணிகள் ஒன்றுக்கொன்று கன்னாபின்னாவென்று வேறுபட்டன. ப்ரோக்கன் டூத் என்று ஒரு பூனை. விநாடிக்கு ஓர் அடி அடிக்கும். மற்றவற்றில் பெரும்பாலானவை அந்த வேகத்துக்கு வராது. மந்திரவாதி மந்திரம் சொல்ல வாயெடுத்தால் ஒவ்வொரு அடிக்கும் மந்திரம் தள்ளிப்போகும். எப்போதாவதுதான் தலைகாட்டும் அந்தப் பூனைக்காக ஆட்கள் மணிக்கணக்கில் காத்துக்கிடந்தார்கள். பிறகு எல்லாப் பிராணிகளின் அடி வேகத்தையும் ஒரே அளவாக்கினார்கள். 2008-இல் மூர்க்கம், உறுதி, தந்திரம் என்று மூன்று கட்டுகள் வந்தன. ஒவ்வொரு இனமும் ஏதாவது ஒன்றில் அடங்கியது. 2012-இல் அதையும் தளர்த்தி, எந்தப் பிராணியையும் எந்தக் கட்டுக்கும் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். கணக்கு சரியானது. ஆனால் ஆட்டக்காரர்கள் இன்றைக்கும் பெயர் சொல்லிப் பேசுவது அந்த ஓரவஞ்சனைப் பூனையைத்தான்.

எங்கள் சோதனையில் கிடா, கரடி, முதலை மூன்றும் ‘தாங்குபவை’. அக்கா மகன் பத்து நிமிஷம் விளையாடிவிட்டு, “மாமா, இது கரடிக்குக் கொம்பு வச்சதுதானே?” என்றான். அதற்கு மேல் அந்த வழியைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

பிறவிக் குணத்திலிருந்து எடுத்தால்

சண்டைக் கிடாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முட்டுவதற்கு முன் பின்னால் போகும். பயந்து போவதில்லை, பாய்ச்சலுக்கு இடம் எடுக்கிறது. அதையே திறனாக வைத்தோம். கட்டளை கொடுத்தால் கிடா ஆறு அடி பின்வாங்கி, ஓடிவந்து மோதும். எதிரி நிலைகுலைந்து விழுவான்.

முதல் சோதனை ஒரு வள்ளத்தின் மேல் நடந்தது. கட்டளை கொடுத்தோம். கிடா ஓரடி, இரண்டடி, மூன்றடி என்று கம்பீரமாகப் பின்னால் போய், நாலாவது அடியில் கடலில் விழுந்தது. மாடியே அதிரச் சிரித்தோம். நிரல் எழுதுகிற நண்பன் மட்டும் சிரிக்கவில்லை; வள்ளத்துக்கு விளிம்பு வைக்க மறந்தது அவன்தான். விளிம்பு வைத்தோம். இப்போது இடம் போதவில்லை என்றால் கிடா பாயாது, முறைத்துக்கொண்டு நிற்கும். மணல்வெளியில் எமன், வள்ளத்தில் வெறும் சுமை.

அங்கேதான் விஷயம் பிடிபட்டது. கிடா வைத்திருக்கிறவர்கள் சண்டைக்கு இடம் தேர்ந்தெடுக்கத் தொடங்கினார்கள். எதிரியைக் கரைக்கு இழுத்தார்கள், முதுகுப் பக்கம் பாறை இல்லாத இடமாகப் பார்த்து நின்றார்கள். ‘தாங்கும் கிடா’ இருந்தபோது யாரும் தரையைக் கவனித்ததே இல்லை. பிராணியின் குறைதான் ஆட்டக்காரரை யோசிக்க வைக்கிறது என்பது என் கட்சி. எங்கள் நாலு பேரில் இரண்டு பேர் இதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

மற்றதெல்லாம் அப்புறம் மளமளவென்று வந்தன. எங்கள் பக்கத்து நாட்டு இனமான மண்டை நாய் மோப்பம் பிடித்து ஒளிந்திருப்பவனைக் காட்டும். தண்ணீரில் இறங்கி நடந்தவனின் தடம் அதற்குக் கிடைக்காது. செம்பருந்து மேலிருந்து தூரத்துப் படகைக் காட்டும், இருட்டினால் பறக்காது. கணவாய் மை கக்கும். இதில் சித்தப்பா ஒரு திருத்தம் சொன்னார். ஆண் கடல் எப்போதும் சீறும், பெண் கடல் எப்போதும் அமைதி என்று நாங்கள் வைத்திருந்தோம். வாடைக் காலத்தில் வடக்குக் கடல்தானே புரட்டி எடுக்கும், தெற்கு அடங்கிக் கிடக்குமே என்றார். அவர் நாற்பது வருஷம் தொழிலுக்குப் போனவர், நாங்கள் கரையில் நின்று செல்ஃபி எடுத்தவர்கள். பருவத்துக்குத் தக்கபடி கடல் மாறும் என்று வைத்தோம். அலை இருக்கும் பக்கம் மை சீக்கிரம் கலைந்துவிடும். அடங்கிய பக்கம் நின்று மறைக்கும். ஒரே பிராணி, வருஷத்தில் பாதிநாள் வடக்கே கெட்டிக்காரன், மீதிநாள் தெற்கே.

கடல் பசுவையும் (எங்கள் பக்கத்தில் ஆவுளியா) அவர்தான் காப்பாற்றினார். அது நீருக்கடியில் வீரனைச் சுமந்துபோகும் என்று வைத்திருந்தோம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும். அவர் திரையைப் பார்த்துவிட்டு, “மூச்சு வாங்க மேல வராம ஆவுளியா எப்படிடா கிடக்கும்? அது என்ன மீனா?” என்று கேட்டார். கேட்டபிறகுதான் உறைத்தது. இப்போது சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வரவேண்டும். எதிரி அந்த இடத்தைக் கணித்துக் காத்திருக்கலாம். அது கடல் புல் மேய்ந்துபோன இடத்தில் வரப்பு போல ஒரு தடம் விழும். பின்தொடர்கிறவனுக்கு அது வழிகாட்டி. மூச்சும் தடமும் சேர்ந்தபிறகு கடல் பசுவை வைத்து ஒளிந்துபிடித்து விளையாடுவதே தனி ஆட்டமாகிவிட்டது.

இந்த வழியின் கோளாறையும் சொல்லிவிட வேண்டும். தீவுச் சண்டைக்குக் கிடாவோடு வந்தவன், சண்டை திடீரென்று கடலுக்கு மாறினால் கைகட்டி நிற்க வேண்டும். கில்ட் வார்ஸ் 2 (2012) இதை அழகாகக் கையாள்கிறது. அதில் பிராணியோடு திரியும் வீரனான ரேஞ்சருக்குத் தரைக்கு இரண்டு, தண்ணீருக்கு இரண்டு என்று பிராணிகளைத் தனித்தனியாக வைத்துக்கொள்ள இடம் உண்டு. சண்டை நடுவிலேயே ஒன்றை விட்டு மற்றதை அழைக்கலாம். அல்டிமா ஆன்லைன் வேறு தினுசு: கூட வருபவைகளுக்கு மொத்தம் ஐந்து இடம், பெரிய பிராணி பல இடத்தை அடைத்துக்கொள்ளும். எங்களுக்கு முதலாவது பிடித்தது. தரைக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று. அதற்கு மேல் கொடுத்தால் யாரும் இடம் பார்த்து நிற்கமாட்டார்கள்.

பழக்கினால்

ஆட்டக்காரர்கள் கேட்பது என்னவோ இதைத்தான். பழைய வார்கிராஃப்டில் ஒரு திறன் வேண்டுமென்றால், அது தெரிந்த காட்டு விலங்கை முதலில் பழக்க வேண்டும். அதோடு சண்டைக்குப் போய்ப் போய்த் திறனை நீங்கள் கற்றுக்கொண்டு, பிறகு உங்கள் பிராணிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். தேடிப்போகிற சுகம் உண்டு, மறுக்கவில்லை. தீனியும் போட வேண்டும். மகிழ்ச்சியாக இருந்தால் பிராணி 125 சதவீதம் அடிக்கும், முகம் வாடினால் 75. அதை 2011-இல் எடுத்துவிட்டார்கள். பை நிறைய மீனும் இறைச்சியும் தூக்கிக்கொண்டு திரிவது பலருக்கு எரிச்சல். எனக்கென்னவோ அது பிடித்திருந்தது. வீட்டில் நாய் வளர்க்கிறவனுக்குச் சாப்பாடு வைப்பது தண்டனையாகத் தோன்றாது.

ஆனால் எதையும் எதற்கும் பழக்கலாம் என்று விட்டபோது எங்கள் கேமில் நடந்தது வேறு. எது லாபமோ அதை எல்லாரும் கண்டுபிடித்தார்கள். கொஞ்ச நாளில் ஏறக்குறைய அத்தனை பேரிடமும் மோப்பம் பிடித்து, மை கக்கி, முட்டுகிற ஆமை. மூன்றாவது வழி சுற்றிச் சுற்றி முதல் வழிக்கே வந்துவிட்டது.

இந்த முடிச்சை அவிழ்த்தது பந்தயப் புறா. கீழக்கரை நண்பன் ஒருவன் வீட்டு மொட்டைமாடியில் புறாக்கூடு உண்டு. அவனிடம், “மாப்ள, வீட்டுக்குத் திரும்பி வர எப்படிக் கத்துக்குடுக்குற?” என்று கேட்டேன். “அத யாரு கத்துக்குடுக்குறா? அதுக்கே தெரியும். நான் தூரத்த மட்டும்தான் கூட்டிக்கிட்டே போவேன்,” என்றான். முதலில் பக்கத்துத் தெரு, பிறகு ஊர் எல்லை, பிறகு அடுத்த ஊர். திசை புறாவுடையது, தூரம் மனிதன் கொடுத்தது.

அன்றைக்கே மாற்றினோம். திறன் பிறவியில் வரும்; பழக்கம் புதுத் திறன் எதையும் தராது, இருப்பதை நீட்டும். பழகிய கிடாவுக்கு ஆறடி வேண்டாம், நாலடி போதும். வள்ளத்தில் அதற்கும் இடம் கிடையாது. பழகிய நாய் சின்ன ஓடையைத் தாண்டியும் மோப்பத்தை விடாது, கடலைத் தாண்டாது. பழகிய கடல் பசு இன்னும் கொஞ்ச நேரம் மூச்சு பிடிக்கும். குறை சுருங்கும், மறையாது.

சில்லறைச் சண்டைகள்

பிராணி தானாகச் செயல்படுவதா, பொத்தான் அழுத்தினாலா என்று ஒரு வாரம் அடித்துக்கொண்டோம். கில்ட் வார்ஸ் 2-இல் ஒரு திறன் ஆட்டக்காரர் கையில், மீதியைப் பிராணி தானே பார்த்துக்கொள்ளும். அதையே எடுத்துக்கொண்டோம். மொபைல் டேட்டாவில் விளையாடுகிற ஊரில் அடுத்தடுத்து இரண்டு கட்டளை கேட்பது அநியாயம். ஒரு தட்டு, அதோடு முடிந்தது.

அடுத்தது அடியின் பங்கு. வீரனும் பிராணியும் சேர்ந்து 100 அடிக்கிறார்கள், அதில் 30 பிராணியுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டச் சண்டையில் முதலில் சாவது பிராணி. அந்த நொடியே வீரன் 70 ஆகிவிடுகிறான், தப்பு எதுவும் செய்யாமலே. பழைய கில்ட் வார்ஸில் (2005) பிராணி கூட வரவேண்டுமானால் எட்டுத் திறன் இடங்களில் ஒன்றை அதற்கென்றே விட்டுக்கொடுக்க வேண்டும். வார்கிராஃப்ட் 2014-இல், பிராணியே வேண்டாம் என்கிற ஹன்டருக்கு ஈடாகக் கூடுதல் அடி கொடுத்தது. இரண்டுமே நியாயமான பேரம்தான். நாங்கள் சுருக்கமாக முடித்துக்கொண்டோம்: பிராணியின் அடி பேருக்கு 10, அதன் மதிப்பு முழுக்கத் திறனில். நாய் செத்தால் மோப்பம் போகும், வாள் மழுங்காது.

ஒன்றில் மட்டும் நாலு பேரும் சண்டையில்லாமல் ஒத்துப்போனோம். எங்கள் கேமில் கடல் பசுவை யாரும் பிடிக்க முடியாது. நிஜத்தில் அதைப் பிடிப்பது சட்டப்படி குற்றம். எங்களுக்கு வடக்கே தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் அதன் காப்பகமாகவே அறிவித்திருக்கிறார்கள். கேமில், வலையில் சிக்கிய ஆவுளியாவை அவிழ்த்து விட்டால், சில நாள் கழித்து அதுவாக உங்கள் வள்ளத்துக்குப் பக்கத்தில் வரும். வராமலும் போகலாம்.

பாக்கி இருப்பது கடல் அட்டை. 2001 முதல் பிடிக்கத் தடை உள்ள பிராணி, அதனால் அதுவும் தானாகத்தான் வரவேண்டும். அதில் சில இனங்கள் ஆபத்து வந்தால் தன் குடலையே வெளியே தள்ளிவிட்டுத் தப்பும், பிறகு புதுக் குடல் வளர்த்துக்கொள்ளும். இதைவிட நல்ல திறன் யாராலும் கற்பனையில் செய்ய முடியாது. கூல்டவுன்தான் தகராறு, அதாவது ஒரு திறனை மறுபடி பயன்படுத்தக் காத்திருக்கும் நேரம். குடல் வளர நிஜத்தில் வாரக்கணக்கு ஆகும். ஒரு தடவை பயன்படுத்தினால் நிஜ நாள் ஏழு காத்திருக்க வேண்டும் என்று நான் சொல்கிறேன். நிரல்காரன் 90 விநாடி போதும் என்கிறான். அக்கா மகனுக்கு இரண்டும் வேண்டாம், அந்தக் குடல் திரையில் தெரியுமா என்பதுதான் அவன் கேள்வி.