ராணுவ ஹேங்கரா, ஏ.எம்.இ. கல்லூரியா?

அக்காள் மகன் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டான். "மாமா, ஹெலிகாப்டர் வேலைக்கு ராணுவத்தில் சேரட்டுமா, ஏ.எம்.இ. படிக்கட்டுமா?" என்று கேட்டான். ஏ.எம்.இ. என்றால் விமானப் பராமரிப்புப் பொறியியல் படிப்பு. பதினேழு ஆண்டுகள் ராணுவ ஹெலிகாப்டர்களோடு கழித்தவனிடம் கேட்டால் பதில் எந்தப் பக்கம் சாயும் என்று அவனுக்கே தெரியும். சாயத்தான் செய்கிறது. ஆனால் அவனுக்குச் சொல்ல உட்கார்ந்தபோது நானே இரண்டு இடங்களில் தடுமாறினேன்.

கல்லூரிக்கு லட்சக்கணக்கில் நாம் கட்ட வேண்டும், ராணுவம் நமக்குச் சம்பளம் தரும். இது ஊரறிந்தது. விமானப்படையும் ஏறக்குறைய ராணுவம் மாதிரிதான். அதன் மெக்கானிக்கல் பயிற்சி நிலையம் தாம்பரத்திலேயே இருப்பது அம்மாக்களுக்கு ஆறுதல்.

ராணுவத்தில் ஹெலிகாப்டரை ஓட்டுவது 1986-இல் தனிப் பிரிவான ஆர்மி ஏவியேஷன். பழுது பார்ப்பதோ இ.எம்.இ. என்ற மின்னணு, இயந்திரப் பொறியியல் பிரிவு. நான் செகந்திராபாத்தில் பயிற்சி முடித்து, நேராக சீத்தா ஹெலிகாப்டர்களிடம் போய்ச் சேர்ந்தேன். பிரெஞ்சு ஹெலிகாப்டரான லாமாவை நம் எச்.ஏ.எல். (ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) உரிமம் பெற்றுத் தயாரித்ததுதான் சீத்தா. அந்த லாமா 1972-இல் 12,442 மீட்டர் உயரத்தைத் தொட்டது. ஒற்றை எஞ்சின், சியாச்சின் வரை போய் வரும்.

மலைமேல் முகாமிட்டால் ஆட்கள் சிலரே. உடற்பகுதியைப் பார்க்கும் ஏர்ஃபிரேம்காரன், எஞ்சின்காரன் என்று பிரித்திருந்தாலும், சுழலும் பிளேடைக் கழற்றும்போது எல்லோரும் தோள் கொடுத்தாக வேண்டும். தேய்ந்து உதிரும் உலோகத் துகளைப் பிடிக்கும் கியர்பாக்ஸின் காந்த பிளக்கைக் கழற்றிப் பார்ப்போம். சாம்பல்போல மெல்லிய துகள் ஒட்டியிருந்தால் துடைத்துப் பதிவு செய்வோம். நகக்கண் அளவு செதில் இருந்தால் அன்று பறப்பு இல்லை, எத்தனை பெரிய அதிகாரி காத்திருந்தாலும். ஒருமுறை பத்து எம்.எம். ஸ்பேனர் ஒன்று கணக்கில் குறைந்தது. டார்ச் அடித்து இரவு பதினொரு மணிவரை தேடினோம். எங்களை அதட்டிக்கொண்டிருந்த ஹவில்தாரின் கோட்டுப் பையில் கிடைத்தது. இந்தப் படிப்புக்குக் கட்டணம் வசூலித்தால் நான் கடனாளியாகியிருப்பேன்.

என்னோடு பள்ளியில் படித்த நண்பன் ஏ.எம்.இ. சேர்ந்தான். கல்லூரி முற்றத்தில் எஞ்சின் இல்லாத பழைய விமானம் ஒன்று நின்றதாம். அதைச் சுற்றி வந்தே பாதிப் படிப்பு முடிந்தது. கல்லூரிச் சான்றிதழ் வேறு, சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககமான டி.ஜி.சி.ஏ. தரும் உரிமம் வேறு என்பது பல பெற்றோருக்குப் பணம் கட்டிய பிறகே தெரியவருகிறது. வேலை செய்யும் விமானத்தில் அனுபவம் பெற இடம் கிடைக்காமல் ஒன்றரை ஆண்டு அலைந்தான். இன்று அவன் டர்பைன் விமானங்களுக்கான பி1.1 உரிமம் பெற்ற பொறியாளர். என்னைவிட நன்றாகவே சம்பாதிக்கிறான்.

இங்கேதான் என் முதல் தடுமாற்றம். வெளியே வரும் நாளில் உங்கள் கையெழுத்துக்கு என்ன மதிப்பு? மற்ற எல்லாவற்றையும் விட இதைத்தான் பெரிதாகப் பார்க்க வேண்டும் என்பேன். நண்பனின் உரிமம் அவன் பெயரில் இருக்கிறது. நிறுவனம் மாறினாலும் கூடவே வரும். ராணுவத்தில் நான் போட்ட கையெழுத்துகள் ஹெலிகாப்டரின் பதிவேட்டில் இருக்கின்றன. பதிவேடு யூனிட்டில் இருக்கிறது. நான் வீட்டில் இருக்கிறேன்.

டர்பைன் ஹெலிகாப்டருக்கான பி1.3 உரிமத்துக்கு, அங்கீகரிக்கப்பட்ட கல்லூரியில் படித்தவரிடம் 2 ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். படிக்காதவருக்கு 5 ஆண்டு. உரிய தொழிற்பயிற்சி பெற்றவர் என்று ஏற்றுக்கொண்டால் 3. ராணுவ அனுபவம் நிகரானது என்று டி.ஜி.சி.ஏ. ஒப்புக்கொண்டால் கணக்கில் சேரும். ஆனாலும் சிவில் விமானப் பராமரிப்பில் கூடுதல் அனுபவம் கட்டாயம். உரிமத் தேர்வின் ஒவ்வொரு தாளிலும் தேர்ச்சிக்கு 75 சதவீதம். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. முதல் ஆறு ஆண்டுகளில் எந்தத் தேதியில் என்ன வேலை செய்தேன் என்று ஒரு நோட்டில்கூட எழுதி வைக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு அந்த ஆறு ஆண்டுகளுக்குச் சான்று கேட்டுக் கடிதம்மேல் கடிதமாக எழுதினேன். பாதிக்குத்தான் வந்தது. ஏழாம் ஆண்டில் ஒரு சுபேதார் சாப் திட்டித் திட்டி எழுத வைத்தார். அந்த நோட்டுத்தான் எனக்குச் சோறு போடுகிறது.

இரண்டாவது தடுமாற்றம், முப்படைக்கும் குறுகிய காலத்துக்கு ஆள் எடுக்கும் அக்னிபாத் திட்டம். 2022 முதல் சேருபவர்களுக்கு நான்கே ஆண்டு. அதிகபட்சம் 25 சதவீதம் பேர்தான் நிலைப்பார்கள். வெளியே வருபவருக்குச் சுமார் 11.7 லட்சம் கிடைக்கும், ஓய்வூதியம் கிடையாது. அந்த நான்கிலும் பயிற்சிக்காலம் போக ஹேங்கரில், அதாவது பழுது பார்க்கும் கொட்டகையில், கழிவது எவ்வளவு? நான் பழைய முறையில் இருந்தவன்; அக்னிவீரர்களோடு வேலை செய்த அனுபவம் எனக்கு இல்லை. கணக்கை மட்டும்தான் சொல்ல முடியும்: ராணுவப் பயிற்சியை உரிய தொழிற்பயிற்சி என்று ஏற்காவிட்டால், ஐந்தாண்டு கேட்கும் விதியின்முன் நான்காண்டு போதாது.

ஆகவே மருமகனிடம் இப்படிச் சொன்னேன். நால்வரில் நிலைக்கும் அந்த ஒருவனாக ஆகும் துணிவு இருந்தால் ராணுவம்தான், கண்ணை மூடிக்கொண்டு போ. முதல் நாளிலிருந்தே நோட்டு எழுது, பணியில் இருக்கும்போதே தாள்களை எழுதி முடி. துணிவு இல்லையென்றால் கல்லூரி. ஆனால் பணம் கட்டும் முன் அவர்களிடம் ஒன்றைக் கேள்: எந்த ஹேங்கரில், எந்த விமானத்தில், எத்தனை மாதம் எங்களை வேலை செய்ய விடுவீர்கள்? வாயால் சொன்னால் போதாது, எழுதி வாங்கு.