பறவை டிஎன்ஏ லேப் சர்வீஸ்: ஆணா பெண்ணான்னு பாக்க ஓகே, மத்ததுக்கு யோசிச்சு அனுப்புங்க

உப்புக்கொத்தின்னு ஒரு சின்ன கரைப்பறவை, அதோட குஞ்சுங்க சாம்பிள ஒரு தனியார் லேப்ல குடுத்து மரபணு டெஸ்ட் பண்ணோம். லேப் பேரு வேணாம். அஞ்சுக்கு ரெண்டரை ஸ்டார்.

ஆண் பெண் டெஸ்ட் சூப்பர், அதுல குறையே இல்ல. பறவைல ஆண் பெண்ண தீர்மானிக்கற குரோமோசோம் ஆணுக்கு ரெண்டுமே இசட், பெண்ணுக்கு இசட்டும் டபிள்யூவும், அதனால டிஎன்ஏ துண்டுகள நீளப்படி பிரிச்சுக் காட்டற ஜெல்ல பெண்ணுக்கு ரெண்டு கோடு ஆணுக்கு ஒரு கோடு, போட்டோவோட பளிச்சுனு அனுப்பிட்டாங்க. பறவையோட சிவப்பணுல டிஎன்ஏ இருக்கற நியூக்ளியஸ் (உட்கரு) இருக்கறதால ஒரு சொட்டு ரத்தமே தாராளம்.

சிக்கல் மைக்ரோசாட்டிலைட்லதான், அதாவது ஒரே சின்ன கோர்வை திரும்பத் திரும்ப வர்ற டிஎன்ஏ துண்டு, அதோட நீளம் காப்பிக்கு காப்பி மாறலாம். அம்மா குடுத்த காப்பியும் அப்பா குடுத்த காப்பியும் வேற வேறயா இருக்கற குஞ்சு அதிகமா பொழைக்குதான்னு பாக்கணும், அவ்ளோதான் எங்க கேள்வி. ஷீட் வந்துச்சு, செத்த குஞ்சுல முக்காவாசிக்கு ரெண்டு காப்பியும் ஒண்ணே! ஆஹா சொந்தத்துக்குள்ள ஜோடி சேந்ததோட விளைவுடான்னு ரெண்டு நாள் ஒரே குஷி. அப்புறம்தான் ஒரு குஞ்சு கண்ணுல பட்டுச்சு, பொறிச்ச அன்னிக்கு எடுத்த ரத்தமும் அது செத்து காஞ்சு கெடந்தப்ப எடுத்த தசையும் ரெண்டு நம்பர்ல போயிருக்கு, ரெண்டு காப்பியோட நீளம் ரத்தத்துல 182/190, தசைல 182/182. அதே கால் வளையம், அதே குஞ்சு!

வெயில்ல கெட்டுப்போன டிஎன்ஏவுல பெரிய துண்டு பெருகாது, சின்னது மட்டும் வரும், இப்படி ரெண்டுல ஒரு காப்பி (அலீல்) விட்டுப்போறத அலீல் டிராப்அவுட்னு சொல்வாங்க. செத்த குஞ்சு சாம்பிள்தான் இப்படி கெடும்ங்கறதால செத்ததெல்லாம் ஒரே காப்பி மாதிரியே தெரியும், அதாவது நம்ம தியரி தானா ப்ரூவ் ஆயிடும் 🤦 ஒத்தையா வந்தத மூணு நாலு தடவ திரும்ப ஓட்டிப் பாக்கணும். கேட்டா "ரிப்பீட்டுக்கு தனி சார்ஜ் சார்".

இந்த விஷயத்துல நெஜ எஃபெக்ட்டே பெரும்பாலும் துளியூண்டு. தெற்கு துருக்கில கெண்டிஷ் உப்புக்கொத்தி குஞ்சுங்கள வச்சு 2010ல வந்த ஆய்வுலயே மொத்தமா பாத்தா தொடர்பு தெரியல, குறிப்பிட்ட சில மார்க்கர்லதான் (டெஸ்ட் பண்ண டிஎன்ஏ இடங்கள்ல) தெரிஞ்சுது. ரஃப்னு ஒரு உள்ளான் இருக்கே, ஆண்லயே மூணு ரகம், அதுல ரெண்டு ரகத்துக்கு காரணம் தலைகீழா திரும்புன ஒரு குரோமோசோம் துண்டு, அது சுமார் 38 லட்சம் வருஷப் பழசு, ஒரு காப்பி வந்தா வேற ரகம், ரெண்டு காப்பியும் அதுவேன்னா குஞ்சு உசுரோடயே வராது. அந்த அளவுக்கு முரட்டு எஃபெக்ட்டுன்னா இந்த லேப் போதும், துளியூண்டு வித்தியாசத்த தேடறவங்களுக்கு போதாது.

மீதி டிஎன்ஏவ கேட்டதும் திருப்பி அனுப்பிட்டாங்க, அதுக்கு அரை ஸ்டார். பாதி டியூப்ல நம்பர் அழிஞ்சு போயிருந்துச்சு, ஆல்கஹால் பட்டா பேனா மை நிக்காதுன்னு தெரிஞ்சும் பென்சில்ல எழுதாதது எங்க தப்பு.