பயணத்துக்கு இரண்டே லென்ஸ்: சிக்மா 18-50, சோனி 11

என் பயணப் பையில் இருப்பது இவ்வளவுதான்: சோனி ஏ6400 பாடி, பேட்டரியோடு 403 கிராம். அதில் எப்போதும் மாட்டியிருக்கும் சிக்மா 18-50 மி.மீ. எஃப்2.8 ஜூம், 290 கிராம் (மி.மீ. எண் சிறிதானால் காட்சி அகலும், எஃப் எண் சிறிதானால் வெளிச்சம் கூடும்). பையின் அடுத்த தடுப்பில் சோனி 11 மி.மீ. எஃப்1.8, 181 கிராம். எல்லாம் கூட்டினால் 874. சோனி 2016-இல் கொண்டுவந்த ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமராவுக்கான 24-70 ஜிஎம் லென்ஸ் மட்டுமே 886 கிராம். சில வருடங்களாக இந்தச் செட்டோடுதான் ஊர் சுற்றுகிறேன்.

இதே ரகத்தில் வேறு லென்ஸ்களும் உண்டு. சோனியின் 16-55 எஃப்2.8 494 கிராம், டாம்ரான் 17-70 எஃப்2.8 525 கிராம். இரண்டுமே நல்ல லென்ஸ்கள், சிக்மாவைவிட அகலமாகவும் எடுக்கும், கொஞ்சம் தூரமாகவும் எடுக்கும். கடையில் கையில் பிடித்துப் பார்க்கும்போது 200 கிராம் ஒரு பொருட்டாகவே தெரியாது. வெயிலில் அன்றைக்கு மூன்றாவது கோயிலுக்குள் நுழையும்போது கழுத்து சொல்லும். கனமான கேமரா மெல்லப் பைக்குள் போய்விடும். பைக்குள் போன கேமராவால் யாரும் படம் எடுப்பதில்லை.

சிக்மா தன் விலைக்கு நியாயம் செய்வது தாராசுரம் மாதிரி இடத்தில்தான். ஐராவதேசுவரர் கோயிலில் பெரிய சிற்பங்களைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கீழே குனிந்தால் விரல் நீளத்துக்குள் அடங்கும் ஆடல் மகளிரும் இசைக்காரர்களும் வரிசையாக இருப்பார்கள். இந்த லென்ஸ் 18 மி.மீ.யில் சென்சாரிலிருந்து 12.1 செ.மீ. வரை கிட்டே போய் ஃபோகஸ் செய்யும். அவ்வளவு கிட்டே போனால் லென்ஸின் நிழலே சிற்பத்தின்மேல் விழும், முன்னால் மாட்டும் வெளிச்ச மறைப்பான ஹூடைக் கழற்றினாலும் முழுதாகப் போகாது. 30, 35 மி.மீ.க்கு ஜூம் செய்து, ஒரு சாண் பின்னால் வந்து, காலை வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்தில் எடுத்துப் பாருங்கள். சலங்கை வரை தெரியும்.

அப்புறம் வெளிச்சம். தொல்லியல் துறை பார்க்கும் கோயில்களில் முன் அனுமதி இல்லாமல் டிரைபாட் வைக்க முடியாது. மண்டபத்துக்குள் கையில் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். கேமராவோடு வரும் 16-50 கிட் லென்ஸ் வெறும் 116 கிராம்தான், ஆனால் 50 மி.மீ.யில் எஃப்5.6 ஆகிவிடும். எஃப்2.8 அதைவிட நான்கு மடங்கு வெளிச்சம் வாங்கும். கிட் லென்ஸில் 1/15 நொடி கேட்கிற இடத்தில் இதில் 1/60 கிடைக்கும். ஒரு குறையும் சொல்லியாக வேண்டும்: ஏ6400 பாடியிலும் ஸ்டெபிலைசேஷன் (கை ஆட்டத்தைச் சரிக்கட்டும் வசதி) கிடையாது, இந்த லென்ஸிலும் கிடையாது. தூணில் தோளைச் சாய்த்து, தொடர்ச்சியாக நாலைந்து அடித்தால் ஒன்றாவது ஆடாமல் வரும். நடந்துகொண்டே வீடியோ எடுப்பவர் என்றால் எடையைப் பார்க்காதீர்கள், ஸ்டெபிலைசேஷன் உள்ள டாம்ரானையே வாங்குங்கள்.

11 மி.மீ. எனக்குத் தஞ்சைப் பெரிய கோயிலுக்காக. பிரகாரத்தில் விமானத்துக்குக் கிட்டே நின்று 18-இல் எடுத்தால் உச்சி வெட்டுப்படும். 11-இல் முழுசாக வரும், ஆனால் கேமராவை மேலே தூக்கினால் விமானம் பின்னால் சாய்ந்தது மாதிரி இருக்கும். நெட்டுக்குத்தாகப் பிடித்து, சாய்க்காமல் எடுத்து, கீழே வீணாக விழுகிற தரையை வீட்டில் வெட்டிவிடலாம். இரண்டு லென்ஸுக்கும் ஃபில்டர் அளவு 55 மி.மீ.தான். ஒரே போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டர்), ஒரே மூடி. வாங்கும்போது யாரும் கவனிக்காத சௌகரியம் இது.

தனுஷ்கோடி மாதிரி மணல் பறக்கிற இடத்தில் லென்ஸ் மாற்றுகிற வேலையே வேண்டாம். காரிலேயே 11-ஐ மாட்டிக்கொண்டு இறங்குங்கள். அதில் தூசி, ஈரத்துக்குப் பாதுகாப்பு இருக்கிறது; சிக்மாவில் கேமராவோடு பொருந்தும் மவுண்டைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் மட்டும்தான். சென்னைக் காற்றில் ஃபங்கஸ் வராமலிருக்க இரண்டையும் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வைத்திருக்கிறேன்.

சரி, பறவைகளுக்கு? 50 மி.மீ.யை வைத்துக்கொண்டு வேடந்தாங்கலில் ஒன்றும் செய்ய முடியாது. சோனி 70-350 அதற்குப் பொருத்தமானது, 625 கிராம். அதை நான் வாங்கவில்லை. சீசனில் போகிற அன்று வாடகைக்கு எடுத்து, மறுநாள் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.