கெரிக்கா, ஃபாக்ஸா? 1930களின் முதல் பேஸ்மேன்கள்

1934 ஜூலை 10, நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானம். பேஸ்பாலின் ஆல்-ஸ்டார் ஆட்டம்; அமெரிக்கன், நேஷனல் என்ற இரண்டு பெரிய லீக்குகளின் சிறந்த வீரர்கள் மோதுவது. அமெரிக்கன் லீக் அணியை நடத்திய ஜோ க்ரோனினுக்கு முதல் பேஸில், அதாவது அடித்தவர் ஓடித் தொட வேண்டிய முதல் தளத்தில், நிறுத்த ஒரே ஒரு ஆள் போதும். கையில் இருந்ததோ லூ கெரிக், ஜிம்மி ஃபாக்ஸ் என்று இரண்டு பேர். கெரிக்கை முதல் பேஸில் நிறுத்திவிட்டு, ஃபாக்ஸை மூன்றாவது பேஸுக்கு அனுப்பினார். அன்று நேஷனல் லீகின் பந்து எறிபவர் கார்ல் ஹப்பல், பேப் ரூத், கெரிக், ஃபாக்ஸ், சிம்மன்ஸ், க்ரோனின் ஐந்து பேரையும் வரிசையாக ஸ்ட்ரைக் அவுட் செய்ததைத்தான் (பந்தை அடித்து ஓட விடாமலே அவுட் ஆக்கியதைத்தான்) எல்லோரும் பேசுவார்கள். எனக்கு அந்த ஆட்டம் என்றாலே க்ரோனின் எழுதிய அணிப் பட்டியல்தான் நினைவுக்கு வரும். இந்த இருவரில் யார் மேல் என்ற கேள்விக்கு அன்றே அவர் ஒரு பதில் சொல்லிவிட்டார். அது சரியான பதில்தானா?

மற்ற பீல்டர்கள் எறியும் பந்தைப் பிடிப்பதே முதல் பேஸ்மேனின் முக்கிய வேலை. நீண்ட தூரம் ஓட வேண்டியதில்லை. அதனால் பெரிய அடிக்காரர்களை அங்கே நிறுத்துவது வழக்கம். அவர்களை எடைபோடும்போது கையுறையைவிட மட்டைக்கே மதிப்பு அதிகம்.

ஃபாக்ஸின் பக்கம் முதலில் பேசுகிறேன், ஏனென்றால் அதை யாரும் ஒழுங்காகப் பேசுவதில்லை. 1932இல் பிலடெல்பியா அத்லெட்டிக்ஸ் அணிக்காக 58 ஹோம் ரன் (எல்லா பேஸையும் ஒரே அடியில் சுற்றி வருவது), தன் அடியால் அணிக்குச் சேர்த்த ரன் 169, அடி சராசரி 0.364. மூன்றிலும் முதலிடம் பிடித்தால் டிரிபிள் க்ரவுன். ஆனால் சராசரியில் டேல் அலெக்சாண்டர் 0.367 எடுத்து முந்திவிட்டார். அலெக்சாண்டர் அந்தப் பருவத்தில் 392 முறைதான் கணக்கில் வரும்படி மட்டை பிடித்தார். இன்றைய விதிப்படி அவர் போட்டியிலேயே இருக்க மாட்டார். அடுத்த ஆண்டே ஃபாக்ஸ் 0.356, 48, 163 என்று டிரிபிள் க்ரவுனை வாங்கிக் காட்டினார். நியாயமாகப் பார்த்தால் அடுத்தடுத்து இரண்டு. மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது மூன்று முறை (1932, 1933, 1938). 1929 முதல் 1940 வரை தொடர்ந்து 12 பருவங்கள் 30 ஹோம் ரன்னுக்குக் குறையவில்லை. மொத்தம் 534. கெரிக்குக்கு 493தான்.

அப்புறம் ஏன் கெரிக்? தொடர்ந்து 2,130 ஆட்டங்கள் ஆடியதைத்தான் உடனே சொல்வார்கள். அது பெரிய விஷயம்தான். ஆனால் அந்த எண் அவரது மட்டையை மறைத்துவிட்டது என்பது என் வருத்தம். ஃபாக்ஸ் தன் வாழ்நாளில் 1,311 முறை ஸ்ட்ரைக் அவுட் ஆனார். கெரிக் 790 முறைதான். எறிபவர் நான்கு பந்தைத் தவறாக எறிந்ததால் கெரிக் நடந்தே முதல் பேஸுக்குப் போனது 1,508 முறை, அதாவது ஸ்ட்ரைக் அவுட் ஆனதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பேஸை அடையும் விகிதம் கெரிக்குக்கு 0.447, ஃபாக்ஸுக்கு 0.428. அடியின் பலத்தைச் சொல்லும் ஸ்லக்கிங் கணக்கில் 0.632, 0.609. ஒரு நல்ல ஆண்டை மட்டும் எடுத்தால் ஃபாக்ஸ் சமமாக நிற்பார். பத்து ஆண்டை எடுத்தால் நிற்க மாட்டார்.

இதில் 1931 ஏப்ரலில் வாஷிங்டனில் நடந்ததையும் சொல்ல வேண்டும். கெரிக் அடித்த பந்து மைதானத்தைத் தாண்டி ரசிகர்கள் பக்கம் விழுந்து, துள்ளித் திரும்பி பீல்டரின் கைக்கு வந்தது. பேஸில் இருந்த சக வீரர் லின் லாரி, பந்தைப் பிடித்துவிட்டார்கள் என்று நினைத்து ஓட்டத்தை விட்டு வெளியேறிவிட்டார். பின்னால் வந்த கெரிக் தலை குனிந்தபடியே அவரைத் தாண்டி ஓடியதால் அவுட்; ஹோம் ரன் போயிற்று. அந்தப் பருவ முடிவில் ரூத்துக்கும் கெரிக்குக்கும் சரியாக 46, 46. அந்த ஒன்று இருந்திருந்தால் அந்த ஆண்டு ஹோம் ரன் பட்டம் கெரிக்குக்கு மட்டுமே. 1934இல் அவர் டிரிபிள் க்ரவுன் வென்றும் விருது டெட்ராய்ட்டின் மிக்கி காக்ரேனுக்குப் போனது. கெரிக்குக்கு ஐந்தாம் இடம்! விருதுகளை எண்ணி ஃபாக்ஸை மேலே வைப்பவர்கள் இதையும் எண்ண வேண்டும்.

ஆக, முதலிடம் கெரிக், அடுத்தது ஃபாக்ஸ். க்ரோனின் எழுதியது சரி.

நேஷனல் லீகில் பில் டெர்ரி 1930இல் 0.401 அடித்தார். அந்த லீகில் 0.400ஐத் தொட்ட கடைசி மனிதர் அவர். ஆனால் மொத்தமே 154 ஹோம் ரன். இந்த வரிசையில் அது போதாது.

ஹேங்க் கிரீன்பர்க் விஷயம் மனதைப் பிசையும். 1938இல் 58 ஹோம் ரன். 1936இல் மணிக்கட்டு உடைந்து 12 ஆட்டத்தோடு அந்தப் பருவமே முடிந்தது. 1941 மே மாதம் ராணுவத்துக்குப் போனவர், டிசம்பர் 5ஆம் தேதி விடுவிக்கப்பட்டார். இரண்டே நாளில் பேர்ல் ஹார்பர் மீது ஜப்பானின் தாக்குதல். மறுபடி தானாகவே சேர்ந்தார். 1945 ஜூலையில் திரும்பி வந்த முதல் ஆட்டத்திலேயே ஹோம் ரன். பருவத்தின் கடைசி நாளில் பேஸ் மூன்றும் நிறைந்திருக்க ஒரு ஹோம் ரன் அடித்து டெட்ராய்ட்டுக்கு லீக் பட்டத்தை வாங்கித் தந்தார். நாலரைப் பருவம் போனபின்னும் 331 ஹோம் ரன். ஆனால் 1940லேயே ரூடி யார்க்குக்கு இடம்விட்டு அவர் இடது பீல்டுக்கு மாறிவிட்டார். அதனால் முதல் பேஸ் வரிசையில் அவருக்கு நான்காம் இடம்தான் தருவேன்.

மூன்றாம் இடம் பக் லியனார்டுக்கு. கறுப்பினத்தவர் என்பதால் பெரிய லீகில் அவரைச் சேர்க்கவே இல்லை. 1934 முதல் 1950 வரை ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணியின் முதல் பேஸ் அவருடையது. மட்டையிலும் கையுறையிலும் அவரைக் கெரிக்கோடு ஒப்பிட்டார்கள். அவர் ஆடிய நீக்ரோ லீக்குகள் பெரிய லீக் என்று ஏற்கப்பட்டது 2020இல்தான். 1907இல் ஃபாக்ஸுக்கு ஆறு வாரம் முன்னால் பிறந்தவர். 1952இல் பெரிய லீக் அழைப்பு வந்தபோது 44 வயது கடந்திருந்தது. காலம் போய்விட்டது என்று மறுத்துவிட்டார். ஃபாக்ஸ் அதற்கு முந்தைய ஆண்டே பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றிருந்தார்.