சேஃப்கார்டு விசாரணை: தனி வக்கீலா, கூட்டு வாதமா?

இறக்குமதி பெருகி உள்நாட்டுத் தொழில் நசிகிறது என்று ஒரு நாடு சேஃப்கார்டு (இறக்குமதிக்குத் தற்காலிகத் தடுப்பு) விசாரணை தொடங்கியதுமே, அங்கே சரக்கு அனுப்பும் உற்பத்தியாளருக்கு ஒரு குழப்பம் வரும்: தனி வக்கீல் வைப்பதா, மற்ற ஏற்றுமதியாளர்களோடு சங்கமாகச் சேர்ந்து வாதாடுவதா? ஆன்டி டம்பிங் (அடிமாட்டு விலையில் சரக்கைக் குவிப்பதற்கு எதிரான) வழக்கில் ஒத்துழைக்கும் கம்பெனிக்குத் தனி வரி விகிதம் கிடைக்கலாம். சேஃப்கார்டு நடவடிக்கையோ பொதுவாக எல்லா நாட்டுச் சரக்குக்கும் சேர்த்தே வருகிறது.

செலவு
தனியாக: முழுச் சுமையும் உங்கள் தலையில்.
கூட்டாக: பங்கு போட்டுக்கொள்ளலாம்.

வாதத்தின் வலு
தனியாக: உங்கள் கணக்கை மட்டுமே காட்ட முடியும்.
கூட்டாக: சந்தை முழுவதையும் காட்டலாம். வேறு காரணங்களால் வந்த பாதிப்பை இறக்குமதியின் மேல் சுமத்தக் கூடாது என்பது உலக வர்த்தக அமைப்பின் விதி. தேவை சரிந்ததையும் உள்நாட்டு ஆலைகளுக்குள்ளேயே போட்டி முற்றியதையும் நிரூபிக்கும் புள்ளிவிவரம் சங்கத்திடம்தான் சேரும். வழக்கின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

ரகசியம்
தனியாக: விலை விவரம் போட்டியாளர் கண்ணில் படாது.
கூட்டாக: எல்லோருக்கும் பொதுவான வக்கீலிடம் விலை விவரத்தைத் தனித்தனியாகக் கொடுக்க ஏற்பாடு வேண்டும்.

அந்தப் பொருளின் இறக்குமதியில் ஒரு வளரும் நாட்டுச் சரக்கின் பங்கு 3 சதவீதத்தைத் தாண்டாமல், அத்தகைய நாடுகளின் மொத்தப் பங்கும் 9 சதவீதத்துக்குள் இருந்தால் அந்த நாட்டுச் சரக்குக்கு விலக்கு உண்டு. அதை அரசு வழியாகவும் வலியுறுத்துங்கள்.

சாதாரண ரகம் விற்பவருக்குக் கூட்டு வாதமே சரி. உள்நாட்டில் தயாராகாத தனி ரகம், உதாரணமாகச் சிறப்புப் பூச்சுள்ள எஃகுத் தகடு என்றால், தனி வக்கீல் வைத்து, வாங்குபவரின் கடிதத்தோடு அந்த ரகத்துக்கு மட்டும் விலக்கு கேளுங்கள்.